சுண்ணாம்புப் பொட்டு

இந்த ஸ்டேஷன் டம்ளரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஐயா. தப்பாக நினைக்காதீர்கள். டீ வேண்டாம் என்பதில்லை. விளிம்பில் யாரோ குடித்த வெற்றிலைக் கறை அப்படியே இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். சாப்பிடும் முன் இரண்டு தடவை கை கழுவுவேன். என் மனைவி மரகதம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்துகொண்டு இவ்வளவு சுத்தம் பார்க்கிற ஆள் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்பாள். மாட்டுச் சாணம் எனக்கு அருவருப்பில்லை. மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்தும் அசிங்கமாக இருக்கிற மனிதர்களைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் குமட்டும்.

கன்னியப்பன் அப்படிப்பட்ட ஆள். செத்துப்போனவனைப் பற்றி இப்படிப் பேசக் கூடாதுதான். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

என் பெயர் தணிகாசலம். ஊர் பிள்ளைப்பாக்கம். கன்னியப்பனும் அதே ஊர்தான். சுற்றிவளைத்துப் பார்த்தால் எனக்கு மச்சான் முறை. சாதி பார்த்து முகம் சுளித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே உட்காருவோம். நான், அவன், ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் சுப்பிரமணி. சில பேர் புறா வளர்ப்பார்கள், சில பேர் சீட்டாடுவார்கள். எங்களுக்கு வாணம்தான் பைத்தியம். வியாபாரம் இல்லை. விற்றதும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் ஊர் திரௌபதி அம்மன் தீமிதிக்கு நாங்களே கட்டி, வற்றிய ஏரியில் நாங்களே விடுவோம். லைசென்ஸ் கிடையாது. அதற்கு என்ன தண்டனையோ போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பேச்செல்லாம் ஒன்றைப் பற்றித்தான். வானத்தில் போய் வெடிக்கிற அவுட்டு எல்லாமே பொறி கொட்டும். பூ மாதிரி கொட்டும், மழை மாதிரி கொட்டும், கொட்டி அணைந்துவிடும். பொறியே இல்லாமல் நெருப்பு மட்டும் மேலே போய் உருண்டு திரண்டு ஒரு பெரிய பூசணிக்காய் போல நிற்க வேண்டும். அக்னி உருண்டை என்று நாங்களே அதற்குப் பெயர் வைத்திருந்தோம். வெடிமருந்து என்ன, எப்படிக் கட்டுவது என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதிவைத்தால் இன்னொருவன் படித்துவிட்டுச் செய்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச ஆரம்பித்தோமானால் பொழுது சாய்கிற வரைக்கும் அதுதான். காகிதம் கனமாக இருக்க வேண்டும் என்பேன் நான். கனம் ஆகாது என்பான் கன்னியப்பன். அதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும் என்பான் சுப்பிரமணி. நல்ல பேச்சு, ஐயா. இப்போது நினைத்தாலும் நல்ல பேச்சுதான்.

சுப்பிரமணிக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. முன்பு ஒரு வருஷம் அவன் கட்டிய அவுட்டு குழாயை விட்டுக் கிளம்பும்போதே வெடித்துவிட்டது. அதற்கப்புறம் நான்தான் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். நாமே கட்டியதை நாமே சரி பார்த்தால் குறை கண்ணில் படாது. அவனவன் கைவேலை அவனவனுக்கு அழகாகத்தான் தெரியும். அதனால் தீமிதி அன்றைக்கு ஒருவன் கட்டியதை இன்னொருவன் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் கட்டை விரலில் சுண்ணாம்பு தொட்டு அதன் மேல் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இல்லாத எதுவும் குழாயில் இறங்காது. பொட்டு வைத்ததைக் கட்டியவன் திரும்பப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மற்றவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். இதை ஊரே ஏற்றுக்கொண்டது. பெண்கள்கூட, "பொட்டு வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏரிக்கு வேடிக்கை பார்க்க வருவார்கள். கன்னியப்பனுக்குப் பொட்டு வைக்கிறவன் நான். கண் கூர்மை என்று எனக்குப் பெயர். மாட்டின் காதுக்குள் இருக்கிற உண்ணியை வாசலில் நின்றே சொல்லிவிடுவேன்.

இப்போது அவன் வீட்டைச் சொல்ல வேண்டும். மருந்து இடிக்கிற அதே கூடத்தில்தான் கோழி திரியும். ஒரு பக்கம் காகிதம் காயும். பக்கத்திலேயே குழம்புச் சட்டி திறந்து கிடக்கும். வேலை செய்துகொண்டே வெற்றிலை போடுவான். எச்சிலைத் துப்புவதற்கு வாசல் வரை போக மாட்டான், சுவரோரம் ஒரு கொட்டாங்குச்சி வைத்திருப்பான், அதுவும் நிரம்பித் தளும்பும். கறுத்த கையோடு அப்படியே உட்கார்ந்து சோற்றைப் பிசைவான். ஒரு நாள் எனக்கும் இலை போட்டு, அதே கையால் கருவாட்டை எடுத்து என் இலையில் வைத்தான். "துன்னு மச்சான், இன்னா யோசன பண்ணிகினு கீற?" என்றான். அம்சவல்லி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அது அவன் மனைவி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். அந்தப் பெண்ணுக்காகச் சாப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற வழியில் பென்னலூர் திருப்பத்தில் சைக்கிளை நிறுத்தி அத்தனையும் வாந்தி எடுத்தேன்.

முக்கியமான விஷயம் பசை. காகிதம் ஒட்டுவதற்கு நான் புதிதாக மாவு காய்ச்சி, அதில் மயில்துத்தம் கலப்பேன். கலந்தால் பூச்சி அண்டாது. புத்தகம் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. கன்னியப்பன் முந்தாநாள் வடித்த கஞ்சியை எடுத்துப் பூசுவான். புளித்து நாறும். பூச்சி வரும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "வந்தா வந்துட்டுப் போவுது, அதுவும் நம்மள மாரி துன்னத்தான வருது" என்று சிரிப்பான். பல்லெல்லாம் சிவப்பாக இருக்கும்.

போன வருஷத் தீமிதியில் என்ன நடந்தது என்று ஊரில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் கட்டிய உருண்டை மேலே போனது. சுத்தமாகப் போனது, நேராகப் போனது. ஆனால் பற்றவில்லை. கொஞ்சம் புகை வந்தது. கூட்டத்தில் யாரோ, கம்பவுண்டர் மாடு கொட்டாவி விட்டுச்சு என்றார்கள். ஏரி முழுக்கச் சிரித்தது. மரகதமும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அதை வைத்துப் பொறாமை என்று நீங்கள் எழுதுவீர்கள். அது இல்லை. ஒரு கூட்டம் சிரித்ததற்காக மனம் கெட்டுப்போகிற ஆள் நான் இல்லை. இந்த வருஷம் முழுக்க அந்தக் கொட்டாவிப் பேச்சை யார் யார் எங்கெங்கே சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒருத்தரிடமும் முகத்தைச் சுளிக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் கன்னியப்பன் என்னையும் சுப்பிரமணியையும் ஏரிக்குக் கூப்பிட்டுப் போனான். சின்னதாக ஒன்று கட்டியிருந்தான். காகிதம் கோணல்மாணலாக ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் கோழி இறகுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. பற்றவைத்தான்.

ஐயா, அது மேலே போய்த் திறந்தது. ஒரு பொறி இல்லை. நெருப்பு தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு உருண்டையாக நின்றது. கீழே சிவப்பு, மேலே மஞ்சள், மெதுவாகப் புரண்டது. சுப்பிரமணி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். நான் வருஷக்கணக்காகக் கண்ணை மூடினால் பார்த்த அதே உருண்டை. அழகாக இருந்தது, மறைக்க மாட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவன் மூக்கைச் சிந்தி அந்தக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டிருந்தான். "எப்டி மச்சான்?" என்று கேட்டு அதே கையை என் தோளில் போட்டான்.

அன்றைக்குத்தான் எனக்கு அவன் மேல் அருவருப்பு முற்றியது. அதுவரைக்கும் அழுக்கு மேல்தான் அருவருப்பு. சுத்தமாக, ஒழுங்காக, தூங்காமல் உழைத்தவனுக்கு வராதது, புளித்த கஞ்சியிலும் எச்சில் கொட்டாங்குச்சிக்குப் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தவனுக்கு வந்துவிட்டது. நல்ல பாலை எடுத்துச் சாக்கடையில் ஊற்றி வைத்ததுபோல் இருந்தது. நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?

ஊர் அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. இந்த வருஷத் தீமிதிக்குப் பெரிதாக ஒன்று கட்டப்போகிறான் என்று சுங்குவார்சத்திரம் டீக்கடை வரைக்கும் பேச்சு. அம்மனுக்கு மாலை போட்டு அம்சவல்லி விரதம் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் உண்டாகியிருக்கிறது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்பதற்காக அவன் அந்த உருண்டையை அம்மனுக்கு நேர்ந்து கொண்டான். அதனால் அவனேதான் பற்றவைக்க வேண்டும். வேறொருவர் கை படக் கூடாது. இது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

தீமிதி அன்று மத்தியானம் பொட்டு வைக்க அவன் வீட்டுக்குப் போனேன். உருண்டை மூலையில் ஒரு முறத்தில் இருந்தது. பெரிய பலாக்காய் அளவு. நான் குனிந்ததுமே வாசனை வந்துவிட்டது, அந்தக் கஞ்சி வாசனை. காகிதத்தின் மேலே மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் கரப்பான் எச்சம். திருப்பிப் பார்த்தேன். திரி உள்ளே இறங்குகிற இடத்தைச் சுற்றிப் பசையைக் கரப்பான் அரித்திருந்தது. என் சுண்டுவிரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி. மீசை மட்டும் வெளியே தெரிய ஒன்று உள்ளேயே உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தாற்போல் இருந்தது. அப்படியே உடம்பெல்லாம் கூசிப்போனது.

அந்த இடத்தில் இடைவெளி இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சுப்பிரமணியின் கை சொல்லும். மேலே போய்ப் பற்ற வேண்டிய நெருப்பு குழாய்க்குள்ளேயே உள்ளே நுழைந்துவிடும். ஒரு கைப்பிடிக் காகிதமும் நல்ல பசையும் இருந்தால் சரி செய்துவிடலாம். நேரமும் இருந்தது. என் பையில் நான் காய்ச்சிய பசை இருந்தது.

அவன் கூடத்துக் கம்பத்தில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். "இன்னா கம்பவுண்டரே, மூஞ்ச சுளிக்கிற? நல்லாத்தான கீது?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அம்சவல்லி வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை இலையில் வைத்துக் கொடுத்தது. நான் பொட்டு வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கரப்பான் நான் கொண்டுபோய் விட்டதில்லை. கஞ்சி நான் பூசியதில்லை. ஒரு துரும்பை நான் கிள்ளிப் போடவில்லை. அவன் அசிங்கம் அவனைப் பிடித்தது. நான் நடுவில் போய் நிற்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டில் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அது பொய் என்று தோன்றவில்லை.

மரகதத்தை ஏரிக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். தலைவலி என்று படுத்திருந்தாள், நல்லதாகப் போயிற்று. ஆஸ்பத்திரிப் பெட்டியை எடுத்து அதில் பஞ்சு, துணி, டிங்சர் எல்லாம் வைத்தேன். முந்தைய வருஷங்களில் எடுத்துப்போனதில்லை. ஏன் எடுத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஜாக்கிரதையான ஆள் நான், அதனால்தான்.

விளக்கு வைக்கிற நேரம். தீமிதித்தவர்கள் மஞ்சள் துணியோடு ஏரிக்கு வந்துவிட்டார்கள். ஏரியில் தண்ணீர் இல்லை, வெடித்த களிமண்தான். குழாயை நட்டிருந்தார்கள். கூட்டத்தை நான்தான் பின்னால் தள்ளினேன். கரை வரைக்கும் போகச் சொன்னேன். வழக்கத்தைவிட அதிக தூரம் தள்ளினேன். சுப்பிரமணிகூட, இவ்வளவு தூரம் எதுக்கு என்று கேட்டான். ஒரு குழந்தைக்குக்கூடக் கீறல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது என்னால்தான். அதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

அம்சவல்லி மட்டும் கரையேறாமல் என்னிடம் வந்தது. வயிற்றில் கை வைத்திருந்தது. "அண்ணா, எனக்கு இன்னாவோ பயமா கீது. நீங்க நல்லா பாத்தீங்க இல்ல?" என்று கேட்டது.

"பாத்துட்டுத்தாம்மா பொட்டு வெச்சேன். நீ போய் மேல நில்லு" என்றேன்.

முகம் தெளிந்துவிட்டது அதற்கு. போய் நின்றது. அந்த முகத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என் மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

கன்னியப்பன் அம்மன் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். வாயில் அப்போதும் வெற்றிலை. குழாய் மேல் குனிந்து திரியில் நெருப்பு வைத்தான். நிமிர்வதற்குள் ஆகிவிட்டது. உருண்டை திறந்தது, ஐயா. பொங்கல் கழிந்து பார்த்ததைவிடப் பெரிதாக, கீழே சிவப்பும் மேலே மஞ்சளுமாக. தரையிலேயே, அவன் மேலேயே. கூட்டத்தில் சில பேர் முதலில் கைகூடத் தட்டினார்கள். இதுதான் வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள்.

அவனிடம் ஓடியவர்களில் முதல் ஆள் நான். பெட்டி கையில் இருந்தது. முகம், மார்பு, இரண்டு கை. விவரம் வேண்டாம். போனதும் நான் கேனில் இருந்த தண்ணீரை எடுத்துக் கை கழுவினேன். இரண்டு தடவை. சுப்பிரமணி என்னைத் திட்டினான், மொதல்ல அவனைப் பாருய்யா என்று கத்தினான். அழுக்குக் கையோடு காயத்தைத் தொட முடியாது. யாராக இருந்தாலும் எனக்கு அதுதான் முறை.

அவனுக்கு நினைவு இருந்தது. கண் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "மச்சான், நீ பாத்தியே... நீ பாத்தியேடா" என்றான். அதுவரைக்கும் என்னை வாடா போடா என்று கூப்பிட்டதில்லை. நான் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "பாத்தேன்" என்றேன். வேனில் ஏற்றினார்கள், போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் சும்மா இருந்திருந்தால் இது விபத்தாகவே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்களும் முதலில் அப்படித்தான் சொன்னீர்கள். கன்னியப்பனுக்குக் காரியம் முடிகிற வரைக்கும் நானும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் பேச்சு கிளம்பியது. கம்பவுண்டருக்குக் கண் மங்கிப்போச்சு என்றார்கள். வயசாச்சு, சரியாப் பாக்காம பொட்டு வச்சுட்டாரு என்றார்கள். சுப்பிரமணி வீட்டுக்கே வந்து, போனது போச்சு, தெரியாம நடந்ததுக்கு மனச வருத்திக்காதே என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். இனிமேல் பொட்டு வைக்க வேறு ஆளைப் பார்க்கப்போகிறார்களாம். மரகதம் என் தட்டில் சோறு போடும்போது மீன் முள்ளை எடுத்துவிட்டுப் போடுகிறாள், ஐயா. எனக்குக் கண் தெரியாது என்று.

அம்சவல்லியும் உங்களிடம் வந்து அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறது. அண்ணன் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று. அந்தப் பெண் பேரில் எனக்கு வருத்தமில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால்தான் கூப்பிடாமலே நானாக வந்தேன்.

கரப்பான் எச்சம் எங்கெங்கே இருந்தது, இடைவெளி எவ்வளவு இருந்தது, எல்லாம் சொல்லிவிட்டேன். வேண்டுமானால் வரைந்தே காட்டுகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. பொட்டை எங்கே வைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இடைவெளி மேலேயேதான் வைத்தேன். சுண்ணாம்பை நிறைய எடுத்து, அந்தக் கரப்பானையும் சேர்த்து உள்ளே அமுக்கி, கட்டை விரலால் வழித்து மட்டம் செய்தேன். வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது. கன்னியப்பன் ஒருவேளை உருண்டையைத் திருப்பிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவ்வளவு சுத்தமான வேலை.

நீங்கள் எழுதியதைத் தலைகீழாக இங்கிருந்தே என்னால் படிக்க முடிகிறது, ஐயா. மூன்றாவது வரியில் கவனக்குறைவு என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள்.